வார்டுக்குள் வந்த அருவிச் சத்தம்

குற்றாலம் பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் ஒரு தடவை நின்றவர்கள், தண்ணீரை மறந்தாலும் தங்கபுஷ்பத்தின் சத்தத்தை மறக்க மாட்டார்கள். சாரல் காலத்தில் அங்கே விழுகிற தண்ணீர் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் வாயை வைத்துப் பேசினால்தான் கேட்கும். அந்த இரைச்சலுக்கும் மேலே ஏறி ஒரு குரல் வரும்.

"ஏட்டி மஞ்சச் சுடிதாரு! நனைஞ்சது போதும், வெளிய வா! ஒனக்குப் பின்னால ஊரே நிக்குல்லா!"

மஞ்சள் சுடிதார் மட்டுமில்லை, பச்சைச் சேலையும் நீல நைட்டியும்கூட ஏனென்று கேட்காமல் ஓர் எட்டு வெளியே வைத்துவிடும்.

தங்கபுஷ்பம் தலைமைக் காவலர். எத்தனையோ சீசனாக அருவி டியூட்டி என்றால் அவள் பெயர்தான் முதலில் விழும். பிறந்தது அச்சன்புதூரில், வயல்காட்டு வீட்டில். நடவு நாட்களில் வரப்பில் நின்று அவள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அடுத்தவர் வயலில் நிற்பவர்களும் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று அவள் அண்ணன்மார் கேலி செய்வார்கள். போலீஸ் பயிற்சியில் அணிவகுப்புக்குக் கட்டளை கொடுக்க அவளைத்தான் நிறுத்தினார்கள். மைதானத்தின் அந்த மூலைக்கும் கேட்ட ஒரே தொண்டை அது.

ஒரு வருஷம் நடுப்பகலில், மலையில் மழை பெய்து திடீரென்று தண்ணீரின் நிறம் மாறியது. அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி வெள்ளம் அடிக்கத் தொடங்குவதற்குள் அத்தனை பெண்களையும் பிள்ளைகளையும் கூப்பிட்டே வெளியே கொண்டுவந்துவிட்டாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் அடக்கமாக எல்லாம் சொல்ல மாட்டாள்.

"நான் போட்ட சத்தத்துல தண்ணியே கொஞ்சம் பயந்து நின்னுட்டுல்லா" என்பாள்.

வீடு மேலகரத்தில். கணவர் மணிமுத்து மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். பேச வேண்டியதை எல்லாம் மனைவியே பேசிவிடுவதால் அவருக்கு அந்தத் தேவை வந்ததில்லை.

இந்த வருஷம் சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவள் குரல் கம்ம ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருக்கும், மதியத்துக்கு மேல் உடைந்து உடைந்து வரும். சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு என்று எல்லாம் பார்த்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் பிதுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், வழக்கம்போல நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக் கூப்பிட்டாள். வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீருக்குள் நின்ற ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினாள். மற்ற காவலர்கள் எல்லாம் தண்ணீரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு குழாயை உள்ளே விட்டு, திரையில் காட்டினார். குரல் நாணில் ஜவ்வரிசி அளவுக்கு ஒரு சதை வளர்ந்திருந்தது.

"பயப்பட ஒண்ணுமில்ல. எடுக்கிறது சின்ன வேலைதான். அதுக்குப் பிறகுதான் பெரிய வேலை. ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது. கனைக்கக் கூடாது, சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

"ஒரு வாரமா டாக்டர்?" என்று மணிமுத்து கேட்டார். கவலையில் கேட்டாரா ஆசையில் கேட்டாரா என்று டாக்டருக்கும் விளங்கவில்லை. தங்கபுஷ்பத்துக்கு நன்றாக விளங்கியது. திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவளுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்ததால், அது அடங்கும்வரை படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். பெண்கள் பொது வார்டு. அவள் கட்டிலுக்கு நேரே சன்னல். சன்னலில் மலை. மேகம் எந்த மடிப்பில் இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தே இன்றைக்கு அருவியில் எவ்வளவு தண்ணீர் விழும், எவ்வளவு கூட்டம் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? சொல்வதற்குத்தான் வழியில்லை.

அடுத்த கட்டிலில் ஆய்க்குடி பிச்சம்மாள். வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டு மாவுக்கட்டுப் போட்டிருந்தாள். பதிலே சொல்ல முடியாத ஒரு போலீஸ்காரி பக்கத்தில் கிடைத்தது பிச்சம்மாளுக்குப் பெரிய யோகம். காலையில் தொடங்கினால் விளக்கணைக்கும்வரை பேசுவாள்.

"பேரருவித் தண்ணியும் ஐந்தருவித் தண்ணியும் ஒரே தண்ணிதான் கேட்டியா. மேல குழா வச்சுத் திருப்பி விடுதான். எங்க மாமனாரு சொல்லுவாவ."

தங்கபுஷ்பம் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டி இல்லையென்றாள். போனில் தட்டிக் காட்டினாள். "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்" என்று பிச்சம்மாள் அதையும் தள்ளிவிட்டுக் குழாய்க் கதையைத் தொடர்ந்தாள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது குளியலறை. வார்டுக்கு மொத்தமும் ஒரே குளியலறை. மூலைக் கட்டில் நோயாளிக்குத் துணையாக வந்திருந்த ஒரு பெண் காலையில் உள்ளே போனால் ஷாம்பு மணம் வார்டு பூராவும் வீசும், ஆள் மட்டும் வெளியே வராது. வாளியும் துண்டுமாக மற்றவர்கள் கதவுக்கு முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். ஒரு வரிசை கண்ணெதிரே தேங்கி நிற்கிறது, தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை! கையைத் தட்டிப் பார்த்தாள். யாரோ கொசு அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்படி ஒரு காலை நேரத்தில்தான் ஷரீபுன்னிசா வந்து சேர்ந்தாள்.

பேரருவிக்குப் போகிற வழியில், பெண்கள் உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவள் அவள். துண்டு, நைட்டி, சீப்பு, எண்ணெய்ப் பாக்கெட் எல்லாம் கிடைக்கும். கணவர் பாரூக் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். சீசன் முழுக்க அவளும் தங்கபுஷ்பமும் சண்டை போட்டுக்கொள்வார்கள். கடைச் சாமானைப் பாதையில் பரப்பாதே என்று இவள் சத்தம் போடுவாள். நாலு மணிக்கு இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். போன சீசனில் ஷரீபுன்னிசா ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கினாள். தள்ளுவண்டிக்காரர்கள் வைத்திருக்கிறார்களே, ஒரு தடவை பேசிப் பதிந்துவிட்டால் ஓயாமல் அதையே கூவிக்கொண்டிருக்குமே, அது. "துண்டு, துண்டு, குளிக்கதுக்குத் துண்டு" என்று அது கூவத் தொடங்கிய முதல் நாளே தங்கபுஷ்பம் போய் அதன் வாயை அடைத்துவிட்டாள். "இங்கன ஒரு சத்தம்தான் கேக்கணும், அது எஞ்சத்தம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு வந்தாள். பெட்டி கடை மூலையில் பாலித்தீன் பைக்குள் தூங்கப் போனது.

இப்போது ஷரீபுன்னிசா ஒரு பூப்போட்ட துண்டில் எதையோ சுற்றிக் கொண்டுவந்து தங்கபுஷ்பத்தின் மடியில் வைத்தாள்.

"எக்கா, நீங்க பேசாண்டாம். நான் சொல்லுதேன், தலைய மட்டும் ஆட்டுங்க" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நேத்து தம்மாம்லருந்து அவுக வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாவ. 'என்ன புள்ள, சீசன் முடிஞ்சிட்டா? பின்னால அந்தப் போலீஸ்காரக்கா சத்தத்தக் காணுமே'ன்னு கேக்காவ. அவுக ரூம்ல இருக்க எல்லாருக்கும் ஒங்கள நல்லாத் தெரியும்க்கா. நான் கடையில இருந்து அனுப்புத எல்லா வாய்ஸ்லயும் மொதல்ல அருவி பேசும், பொறவு நீங்க பேசுவிய, கடைசியிலதான் நான். என்ன ஏதுன்னு ஸ்டேஷன்ல கேட்டாத்தான் ஆஸ்பத்திரின்னு சொல்லுதாவ. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே நீங்க?"

தங்கபுஷ்பம் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். எப்படிச் சொல்ல?

"சரி, சரி. பிரிங்க."

துண்டைப் பிரித்தால் அந்தப் பெட்டி. துடைத்து, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். தங்கபுஷ்பம் புருவத்தைத் தூக்கினாள். வார்டில் துண்டு விற்கச் சொல்கிறாளா?

"அந்தப் பொத்தான அமுக்குங்க."

அமுக்கினாள்.

"ஏட்டி! உள்ள யாரு சோப்புப் போடுதது? மணக்குல்லா இங்கன வரைக்கும்! சோப்புப் போடக் கூடாது, ஷாம்பு போடக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லுதது? வெளிய வா! இப்ப வருதியா, நான் வரட்டா?"

பின்னணியில் அருவி இரைய, தங்கபுஷ்பத்தின் முழுச் சத்தமும் வார்டுச் சுவர்களில் மோதித் திரும்பியது. பிச்சம்மாள் பேச்சை நிறுத்தினாள். அடுத்த நொடி குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. மூலைக் கட்டில் பெண் தலை நிறைய நுரையோடு, துண்டை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "இந்தா வந்துட்டேம்மா, தண்ணி ஊத்தினா முடிஞ்சுது!"

வார்டே சிரித்தது. தங்கபுஷ்பத்துக்கு மட்டும்தான் சிரிக்கத் தடை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, சத்தமில்லாமல் சிரித்தாள். கட்டில் கிறீச்சிட்டது.

நர்ஸ் ஓடிவந்தாள். "யாரு பேசினது? தொண்ட ஆபரேஷன் பண்ணிட்டு இப்படிக் கத்தினா என்ன ஆகும்!" தங்கபுஷ்பம் அப்பாவியாக வாயை மூடியபடி பெட்டியைச் சுட்டிக்காட்டினாள். நர்ஸ் நம்பவில்லை. இன்னொரு தடவை அமுக்கிக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

பழைய வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் கேட்டு, தங்கபுஷ்பம் பேசிய இடங்களாகப் பார்த்து வெட்டி எடுத்து, பெட்டிக்குள் போட்டிருந்தாள் ஷரீபுன்னிசா. ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு பேச்சு.

"கடைசில ஒண்ணு இருக்கு. அது ஒங்களுக்கு மட்டும். ஆளில்லாதப்ப கேளுங்க" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கடை திறக்க ஓடினாள்.

தன் சத்தத்தை வெளியில் நின்று கேட்பது தங்கபுஷ்பத்துக்கு இதுதான் முதல் தடவை. நாணமாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. நல்ல சத்தம்தான். கணீரென்று இருந்தது. மதியம் சாப்பாட்டோடு வந்த மணிமுத்துவுக்கும் போட்டுக் காட்டி, எப்படி என்று கையால் கேட்டாள்.

அவர் யோசித்து, "கொஞ்சம் கொறச்சலாத்தான் கேக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. நர்ஸ் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, 'வழி விடுங்க'ன்னு ஒண்ணு இருக்குல்லா. அத ஒரு தடவ அமுக்குங்களேன்."

"போதும் போதும்! நின்னது போதும்! கெளம்புங்க, அடுத்த ஆளுக்கு வழி விடுங்க!" என்றது பெட்டி. பழக்கூடைகளும் பிள்ளைகளும் பெரியவர்களும் வரிசையாக வெளியேறினார்கள். தங்கபுஷ்பம் தலையணையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். டியூட்டியில் இருப்பது போலவே இருந்தது.

அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் அவள் கேட்கவில்லை. வார்டில் ஆளில்லாத நேரம் என்று ஒன்று இருந்தால்தானே!

மறுநாள் முற்பகலில் இன்ஸ்பெக்டர் ஜெயசித்ரா பார்க்க வந்தார். வயது முப்பதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கும். குற்றாலத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. தங்கபுஷ்பம் எழப் போனாள். உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு நலம் விசாரித்தார். மணிமுத்து கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

பிச்சம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அம்மா, ஒங்க ஏட்டம்மாவுக்கு ஒரு பரிசு வந்திருக்கு பாத்தியளா? கேளுங்க, சிரிச்சுச் செத்துப் போவிய" என்று மாவுக்கட்டு இல்லாத கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினாள்.

அடுத்ததாக இருந்த அந்தக் கடைசிப் பேச்சு வந்தது. இது கத்தலில்லை. டீக்கடை பெஞ்சில் பேசுகிற, நிதானமான, சந்தேகத்துக்கு இடமில்லாத தங்கபுஷ்பத்தின் குரல்.

"இந்தப் புது இன்ஸ்பெக்டரம்மா கூட்டத்துக்குக் குறுக்க கயிறு கட்டச் சொல்லுதா கேட்டியா. கயித்தக் கட்டுனா கூட்டம் நின்னுருமா? அருவியில ஒரு நாளாவது தலைய நனச்சிருந்தாத்தான தெரியும். ஏசி ரூம்ல உக்காந்து கயிறு கட்டுதா, கயிறு!"

"எக்கா, மெதுவா!" என்று ஷரீபுன்னிசாவின் சிரிப்போடு அது முடிந்தது.

தங்கபுஷ்பத்தின் கை தானாக எழுந்து, ட்ரிப்ஸ் ஊசியோடு சேர்த்து சல்யூட் வைத்தது. மறுக்கவும் முடியாது, மழுப்பவும் முடியாது. மணிமுத்துவைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசாததை எல்லாம் இப்போது பேசிக்கொடுங்கள் என்று கேட்கிற பார்வை.

மணிமுத்து தொண்டையைச் செருமினார். "அது... அருவி எரைச்சல்ல ஒண்ணும் சரியாக் கேக்கல மேடம்."

"எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றார் ஜெயசித்ரா.

அதே பேச்சை இன்னொரு தடவை ஓடவிட்டார். முழுவதையும் கேட்டார். 'கயிறு கட்டுதா, கயிறு' என்ற இடம் வந்ததும் அவருக்கு உதடு துடித்தது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

"தல நனைக்கல, நெசந்தான். யூனிபார்மோட எப்படி நனைக்கது? ஆனா ஏசி ரூம் எங்க இருக்கு நம்ம ஸ்டேஷன்ல? இருந்தாக் காட்டுங்க, நானும் போய் உக்காருதேன்." பிறகு நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினார். "கயிறு ஏன் கட்டினேன் தெரியுமா அக்கா? சீசன் தொடக்கத்துல நீங்க லீவுல இருந்த சனிக்கிழம, மாசமா இருக்க ஒரு பொண்ணு நெரிசல்ல மாட்டிக்கிட்டா. நாலு பேரு தூக்கித்தான் வெளிய கொண்டுவந்தோம். நல்ல வேள, ஒண்ணும் ஆகல. அன்னைக்கு எனக்குத் தூக்கமே இல்ல."

தங்கபுஷ்பத்துக்கு இது தெரியாது. சல்யூட் வைத்த கையை இறக்கினாள். பிறகு இன்ஸ்பெக்டரின் மடியிலிருந்த பையை உரிமையோடு எடுத்துப் படுக்கையில் கவிழ்த்தாள்.

தலையணையை நிமிர்த்தி வைத்தாள். அது அருவி. ஆரஞ்சுகளை வரிசையாக வைத்தாள். அவை பெண்கள். பிரிந்துகிடந்த சிவப்பு ரிப்பனைக் குறுக்கே போட்டு, இன்ஸ்பெக்டரைக் காட்டி, கூடாது என்று தலையாட்டினாள். அதையே எடுத்து ஓரமாக, நீளவாக்கில் போட்டாள். இரண்டு ஆரஞ்சுகளைப் பிரித்து அந்தத் தனி வழியில் விட்டாள். தன் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினாள். கர்ப்பிணிகளுக்கு. பிச்சம்மாளைச் சுட்டிக்காட்டினாள். வயதானவர்களுக்கு.

"என்னையவா காட்டுதா?" என்றாள் பிச்சம்மாள்.

ஜெயசித்ரா குனிந்து பார்த்தார். "அது சரி. ஆனா நுழையுற எடத்துல தடுக்கலன்னா எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள பாய்வாங்களே" என்று ரிப்பனின் ஒரு முனையை மடக்கி வாசலில் வைத்தார். தங்கபுஷ்பம் எடுத்துப் போட்டாள். அவர் திரும்ப வைத்தார். இவள் ஒரு ஆரஞ்சை உருட்டி அதில் தட்டிக் காட்டினாள். தடுக்கி விழுவார்கள். அவர் ரிப்பனை இடுப்பளவு தூக்கிப் பிடித்தார். தங்கபுஷ்பம் யோசித்தாள். உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் சரி என்று தலையாட்டினாள். அவள் சொன்னதில் பாதி, இவர் சொன்னதில் பாதி. இதற்குள் வரிசையில் நின்ற இரண்டு பெண்களை மணிமுத்து உரித்துக் கொடுக்க, பிச்சம்மாள் தின்று முடித்திருந்தாள்.

எழுந்து போகும்போது ஜெயசித்ரா, "உங்களால பேச முடிஞ்சிருந்தா நான் இதுல பாதிகூட ஜெயிச்சிருக்க மாட்டேன்" என்றார். தங்கபுஷ்பம் அதற்கும் தலையாட்டினாள்.

தடை முடிந்த நாளில் டாக்டர், "ம், உங்க பேரைச் சொல்லுங்க. மெதுவா" என்றார்.

"தங்கபுஷ்பம். தலைமைக் காவலர்."

குரல் தாழ்ந்து, மெல்லிசாக, பிசிறில்லாமல் வந்தது. பாங்க் கவுண்டரில் யாரோ ஓர் அம்மாள் பேசுகிற மாதிரி. அவளே திரும்பி, பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தாள். மணிமுத்துவின் கண் நிறைந்திருந்தது.

"நல்லா ஆறியிருக்கு. ஆனா இனிமே கத்தக் கூடாது. கத்தினா திரும்ப வரும். மைக் வச்சுக்கோங்க."

"பாக்கலாம் டாக்டர்" என்றாள்.

அன்றைக்கே ஷரீபுன்னிசா கடையிலிருந்து பாரூக்குக்குப் போன் போட்டு, பேசுங்க என்று நீட்டினாள். "நல்லா இருக்கேளா தம்பி?" என்று தங்கபுஷ்பம் விசாரித்தாள். அந்தப் பக்கம் தயங்கி, "யாரும்மா பேசுதது?" என்றார் பாரூக். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. இதே ஆள் கத்தினால்தான் நம்புவேன் என்றார்.

ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தரட்டுமா என்று ஜெயசித்ரா கேட்டார்.

"உக்காந்தா எனக்குக் காலு மரத்துரும் மேடம். அருவிக்கே போடுங்க."

பேரருவியில் பெண்கள் பக்கத்தில் ஒரு மைக்கும் கம்பத்தில் ஒலிபெருக்கியும் வந்தன. ஓரமாகக் கயிற்றில் தனி வழி கட்டியிருந்தார்கள். முதல் நாள், சாரல் முகத்தில் அடிக்க, தங்கபுஷ்பம் மைக்கைக் கையில் எடுத்து, "வெளிய வாங்கம்மா" என்றாள். அந்த மெல்லிய குரல் அருவி முழுக்கக் கேட்டது. யாரும் அசையவில்லை. ஏதோ அறிவிப்பு என்று நினைத்து இன்னும் வசதியாகத் தலையைக் கொடுத்து நின்றார்கள்.

அவள் கோபப்படவில்லை. மைக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.

"நான் கத்த மாட்டேன். டாக்டரு கூடாதுன்னுட்டாரு. அதனால நீங்க வெளிய வார வரைக்கும் இப்படியே பேசிக்கிட்டுத்தான் இருப்பேன். பிங்க் நைட்டி, நீங்க எந்த ஊரு? மதுரையா? வீட்டுல அடுப்ப அணைச்சிட்டுத்தான வந்திய? பக்கத்துல நிக்க சித்தி, ஒங்களத்தான். அந்தக் கம்மல் கழண்டு தொங்குது, விழுந்தாத் தேடித் தர மாட்டேன். அங்கன ஒருத்தி சோப்ப எடுக்கா. நான் பாக்கல. எல்லாரும் பாக்காவ..."

பிங்க் நைட்டி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். சித்தி கம்மலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சோப்புக்காரி வேகமாக வந்தாள். தங்கபுஷ்பம் கையசைக்க, அடுத்த வரிசை கூவிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடியது.